30 மீட்டர் புதருக்கும் 300 மீட்டர் வெட்டவெளிக்கும் ஒரே ஸ்கோப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: குறிமுள்

ரைஃபிள் .308 போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை), 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு, வேகம் நொடிக்கு 850 மீட்டர் வாக்கில். இரை மானும் காட்டுப்பன்றியும். அடர்ந்த புதரில் 30-40 மீட்டரில் ஓட்டத்தில் வரும். வெட்டவெளியில் 250, சில நேரம் 300 மீட்டரில் நிற்கும். பாதிக்கு மேல் விடியலுக்குச் சற்று முன்பும் அந்தி மங்கும் நேரத்திலும்தான். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, கண் முன்போல இல்லை.

அதன் மேல் பூட்டும் தொலைநோக்கிக்கு (ஸ்கோப்) பட்டியலில் இருப்பவை 3-9×40, 4-16×50, 1-6×24 (முதல் இரண்டு எண்கள் உருப்பெருக்கத்தின் எல்லைகள், கடைசி எண் முன்லென்ஸின் விட்டம் மிமீயில்). இரண்டு ஸ்கோப் வாங்கி மாற்றி மாற்றிப் பூட்டும் எண்ணம் இல்லை. 50 மிமீ முன்லென்ஸ் அந்தியில் உண்மையிலேயே உதவுமா? ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு) எஃப்.எஃப்.பி.யா (பெருக்கத்தோடு சேர்ந்து அளவு மாறுவது), எஸ்.எஃப்.பி.யா (எப்போதும் ஒரே அளவில் தெரிவது)? எல்லாப் பெட்டியிலும் "நம்பகமானது" என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துச் சோதிக்க வழி உண்டா?

பதில் 1: ஆடிக்கண்

மூன்றுமே முழுசாகப் பொருந்தவில்லை. கிட்டத்தில் வருவது 3-9×40. கிடைத்தால் 2-10×42 அல்லது 2.5-10×42 வகையில் ஒன்றைப் பாருங்கள்.

ஸ்கோப் வாங்கும்போது எல்லாருடைய கண்ணும் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். உங்கள் தேவைக்கு முதலில் பார்க்க வேண்டியது சிறிய எண். 300 மீட்டரில் நிற்கும் மானை 8 மடங்கில் பார்த்தால் 37-38 மீட்டரில் வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சமம். அதற்கு மேல் எதற்கு? ஆனால் 30 மீட்டரில் புதரை உடைத்துக்கொண்டு வரும் பன்றிக்கு 4 மடங்கே அதிகம். 4-16 ஸ்கோப்பை 4-இல் வைத்தால் 100 மீட்டரில் தெரியும் அகலம் பொதுவாக 9 மீட்டர் அளவில் இருக்கும். 30 மீட்டரில் அது மூன்று மீட்டர்கூட இல்லை. ஒன்றரை மீட்டர் நீளப் பன்றி பாதிக் கண்ணாடியை அடைத்துக்கொள்ளும். ஸ்கோப்பைத் தூக்கியதும் தெரிவது ரோமமும் இலையும்தான். தலை எந்தப் பக்கம், தோள் எந்தப் பக்கம் என்று தேடுவதற்குள் அது போய்விடும். 2 மடங்கில் அதே தூரத்தில் ஐந்து, ஐந்தரை மீட்டர் தெரியும். நடக்கும்போது பெருக்க வளையம் எப்போதும் ஆகக் குறைந்த எண்ணில் இருக்கட்டும். தூரத்தில் நிற்கும் இரை பெருக்கத்தைக் கூட்ட நேரம் தரும், கிட்டத்தில் எழும்பும் இரை தராது.

அந்தி வெளிச்சத்துக்கு வருவோம். முன்லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மிமீ ஸ்கோப் 9 மடங்கில் 4.4 மிமீ, 6 மடங்கில் 6.7. இளவயதில் இருட்டில் கண்ணின் பாவை 7 மிமீ வரை விரியும். ஐம்பதுக்கு மேல் பெரும்பாலும் 5 மிமீ அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் வரும் ஒளி பாவைக்கு வெளியே விழுந்து வீணாகும். 42 மிமீ லென்ஸை 7-இல் வைத்தால் 6 மிமீ, 50 மிமீ லென்ஸை 7-இல் வைத்தால் 7.1. உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 50 மிமீ பயன் தருவது 10 மடங்கில் அந்தியில் பார்க்கிறவருக்கு. 1-6×24 ஸ்கோப்பில் 6-க்குப் போனால் 4 மிமீதான். இருட்டில் அதை 4-5 மடங்குக்கு மேல் ஏற்ற முடியாது. பகலில் இரையைத் துரத்திக் கொண்டுவரும் வேட்டைக்கு அது அருமையான சாமான், அந்திக்கு அல்ல.

லென்ஸின் அளவைவிடப் பூச்சு முக்கியம். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். ஸ்கோப்புக்குள் 16 பரப்புகள் இருந்தால் மறுமுனைக்கு வருவது ஏறக்குறைய பாதி. 1935-இல் ட்ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் இத்தனை லென்ஸ் அடுக்கிய, பெருக்கம் மாறும் ஸ்கோப்புகள் நடைமுறைக்கு உதவின. "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்ற மூன்று சொல்லும் சேர்ந்து இருக்க வேண்டும். வெறும் "மல்டி கோட்டட்" என்றால் சில பரப்புகளுக்கு மட்டும் பூசியிருக்கலாம்.

கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். ஒப்பிட வேண்டுமானால் அந்தி நேரத்தில் வாசலுக்கு எடுத்து வாருங்கள். இரண்டையும் ஒரே பெருக்கத்தில் வைத்து, மரத்தடி நிழலில் கிளைக்கும் தண்டுக்கும் இடையிலான விளிம்பைப் பாருங்கள். ஒன்றில் பட்டையின் வரி தெரியும், மற்றொன்றில் கறுப்பாக அப்பியிருக்கும். அதற்கு முன் கண்ணருகே உள்ள ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, வெற்று வானத்தின் மேல் ரெட்டிகிள் கூர்மையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் தானாகவே குறையை ஈடுகட்டிவிடும்.

30 மிமீ குழாய் 1 அங்குலக் குழாயைவிட வெளிச்சம் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் டரட்டுக்கு (குறியை மேல்-கீழ், இட-வலம் நகர்த்தும் திருகுமுனை) கூடுதல் அசைவிடம் தருகிறது, அவ்வளவுதான்.

பதில் 2: மில்லிரேடியன்

ஆடிக்கண் சொன்ன பெருக்கக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரெட்டிகிளைப் பற்றிச் சேர்க்கிறேன்.

முதலில் உங்கள் குண்டின் பாதை. குழல் நடுவிலிருந்து ஸ்கோப் நடு 4.5 செ.மீ. உயரம் என்று வைத்து, 100 மீட்டரில் 4 செ.மீ. மேலே படும்படி ஸீரோ செய்தால் (குறியையும் குண்டு படும் இடத்தையும் பொருத்தி வைத்தால்) ஏறத்தாழ இப்படி வரும்: 30 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே, 50-இல் ஒன்றரை செ.மீ. மேலே, 200-இல் 4-5 கீழே, 250-இல் 16 கீழே, 300-இல் 34-35 கீழே. மானின் உயிர்நிலையை 15 செ.மீ. வட்டமாக எடுத்துக்கொண்டால், 210 மீட்டர் வரை நடுவில் வைத்து அழுத்தினால் போதும். டரட், கோடு எதுவும் வேண்டாம். மிச்சம் இருப்பது 210-க்கும் 300-க்கும் இடைப்பட்ட துண்டு மட்டும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் துப்பாக்கியில் உங்கள் தோட்டாவை 200, 250, 300 மூன்றிலும் காகிதத்தில் சுட்டுப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

டரட்டும் ரெட்டிகிள் கோடுகளும் மில் அல்லது எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் இருக்கும். 1 மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 300-இல் 30. எனவே 300 மீட்டருக்கு உங்களுக்குத் தேவை 1.1 அல்லது 1.2 மில். டரட் ஒரு கிளிக்குக்கு 0.1 மில் நகர்ந்தால் பதினொன்று, பன்னிரண்டு கிளிக். எம்.ஓ.ஏ. டரட்டானால் 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் 2.9 செ.மீ., கால் கிளிக் 7 மிமீக்குச் சற்று மேல். எதையும் எடுக்கலாம், ரெட்டிகிள் மில்லிலும் டரட் எம்.ஓ.ஏ.யிலும் இருக்கும் கலப்படத்தை மட்டும் வாங்காதீர்கள். வேட்டை நேரத்தில் மனக்கணக்கு போட முடியாது.

இனி எஃப்.எஃப்.பி., எஸ்.எஃப்.பி. எஸ்.எஃப்.பி.யில் ரெட்டிகிள் எப்போதும் ஒரே தடிமனில் தெரியும். ஆனால் கோடுகளின் அளவு ஒரே ஒரு பெருக்கத்தில், வழக்கமாக உச்சத்தில் மட்டுமே சரி. 10-இல் 1 மில்லாக இருக்கும் கோடு 5-இல் 2 மில். மங்கலில் பெருக்கத்தை 5-க்கு இறக்கிவிட்டு, 300 மீட்டர் மானுக்கு அதே கோட்டை வைத்தால் 60 செ.மீ. தூக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். குண்டு முதுகுக்கு மேலே போய்விடும். எஃப்.எஃப்.பி.யில் இந்த வம்பு கிடையாது, எந்தப் பெருக்கத்திலும் கோடு சரி. அதன் குறை மறுமுனையில் இருக்கிறது: 2 மடங்கில் ரெட்டிகிள் சிலந்தி நூல்போல இளைத்து, கறுத்த பன்றியின் மேல் காணாமலே போகும்.

உங்கள் தூரங்களுக்கு எஃப்.எஃப்.பி. அவசியமில்லை. எஸ்.எஃப்.பி., பக்கக் கம்பிகள் தடித்த நான்காம் எண் ஜெர்மன் ரெட்டிகிள் அல்லது டூப்ளெக்ஸ் (நான்கு கம்பியும் ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்தது), நடுவுக்குக் கீழே இரண்டு மூன்று கோடு. 210 மீட்டருக்கு மேல் கோட்டைப் பயன்படுத்தினால் வளையம் உச்சத்தில் என்ற ஒரே விதி. 400-க்கு மேல் சுடுகிறவர் என்றால் எஃப்.எஃப்.பி.யும் பூட்டு வைத்த டரட்டும் கேட்பேன். உங்களுக்கு மூடி போட்ட டரட் போதும். வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் டரட் பையில் உரசி ஒரு சுற்று திரும்பினால் தெரியவே தெரியாது. 300-க்குத் திருப்பிவிட்டு மறந்துபோனால், அடுத்து 150 மீட்டரில் வரும் மானுக்கு 18-20 செ.மீ. மேலே போகும்.

250-க்கும் 300-க்கும் இடையே விழும் அளவில் 18 செ.மீ. வித்தியாசம். இந்த 50 மீட்டரை வெட்டவெளியில் கண்மதிப்பில் யாராலும் சொல்ல முடியாது. 16 மடங்குக்குச் செலவிடும் பணத்தை லேசர் தூரமானிக்குக் கொடுங்கள். காற்றையும் மறக்காதீர்கள். நொடிக்கு 4 மீட்டர் குறுக்குக்காற்று 300 மீட்டரில் இந்தக் குண்டை 15-20 செ.மீ. தள்ளும். அதற்கு ஸ்கோப்பில் மருந்து இல்லை.

குறிமுள்

இருவருக்கும் நன்றி. 2.5-10×42, எஸ்.எஃப்.பி. என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். பக்கவாட்டில் பரலாக்ஸைச் (கண் அசைந்தால் ரெட்டிகிள் இலக்கின் மேல் நகரும் பிழை) சரிசெய்யும் குமிழ் உள்ள மாடல் ஒன்று, இல்லாதது ஒன்று. கட்டாயம் வேண்டுமா? ரிங் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் வளையம்) பூட்டுவதைக் கடையிலேயே விட்டுவிடலாமா?

பதில் 3: ஆடிக்கண்

வேண்டியதில்லை. குமிழ் இல்லாத வேட்டை ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 மீட்டர் அல்லது 100 கெஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். பிழையின் உச்சவரம்பு: முன்லென்ஸின் பாதி × (இலக்குத் தூரம் − சரிசெய்த தூரம்) ÷ சரிசெய்த தூரம். 42 மிமீ லென்ஸ், 300 மீட்டர் என்றால் 21 × 200 ÷ 100 = 42 மிமீ. அதுவும் கண் ஒளிவட்டத்தின் விளிம்புக்கே போனால்தான். சுற்றிலும் கறுப்பு நிழல் சமமாக இருக்கும்படி கன்னத்தை வைத்தால் அதில் கால்வாசிகூட வராது. 12 மடங்குக்கு மேல்தான் குமிழைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். குமிழ் உள்ளதை வாங்கினால் அதில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், தலையை மெல்ல அசைத்து ரெட்டிகிள் இலக்கின் மேல் நகராத இடத்தில் நிறுத்துங்கள்.

நடுப்புள்ளி ஒளிரும் ரெட்டிகிள் இருந்தால் கறுப்புப் பன்றிக்குப் பெரிய உதவி. ஆனால் ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் ஆகக் குறைந்த படியில் வையுங்கள். பகலுக்கு வைத்த படியிலேயே அந்தியில் ஏற்றினால் பாவை சுருங்கி, சுற்றியுள்ளதெல்லாம் இருண்டுவிடும். மாற்று பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032) ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பதில் 4: திருகாணி

ரிங் விஷயத்தைக் கடைசியில் கேட்டீங்க, ஆனா "ஸ்கோப் கெட்டுப்போச்சு, ஸீரோ நிக்கல"ன்னு வர்ற புகார்ல பாதிக்கு மேல கோளாறு அங்கதான். நீங்களே பூட்டலாம். டார்க் திருப்புளி (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுறது) ஒண்ணு கட்டாயம் வேணும்.

தோட்டா எதுவும் உள்ளே இல்லைன்னு பார்த்துட்டு போல்ட்டைக் கழட்டி வெச்சுடுங்க. பேஸ் (ரிங் உட்காருற அடிப்பட்டை) திருகு, துளை ரெண்டுலயும் எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹால்ல துடைச்சு எடுக்கணும். பேஸ் திருகுக்கு மட்டும், தளராம இருக்க நீலநிறப் பசை ஒரு சொட்டு. இங்க ஒரு கண்ணி இருக்கு: நாலு திருகும் ஒரே நீளம் கிடையாது. நீளமான திருகை முன்னாடித் துளையில போட்டா நுனி குழலோட மரையில முட்டி நின்னுடும். திருப்புளி "இறுகிடுச்சு"ன்னு சொல்லும், பேஸ் மட்டும் மயிரிழை தளர்வா இருக்கும். பின்னாடித் துளையில போட்டா போல்ட் உரசும். ஒவ்வொரு திருகையும் தனியா இறுக்கி, பேஸைக் கையால ஆட்டிப் பார்த்து, போல்ட்டைப் போட்டு இழுத்தும் பாருங்க.

ஸ்கோப்பை ரிங்ல வெச்சு மேல் மூடியைத் தளர்வா விடுங்க. பெருக்கத்தை உச்சத்துல வைங்க, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி அங்கதான் ரொம்பக் கறார். வேட்டைக்குப் போடுற தடிச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோள்ல வெச்சுக் கண்ணைத் திறங்க. முழு வட்டம் தெரியணும். தெரியலைன்னா முன்னே பின்னே நகர்த்துங்க. படுத்து சுடும்போது முகம் இன்னும் முன்னாடி போகும், அதையும் பார்த்துக்குங்க. .308-க்கு 9-10 செ.மீ. இடைவெளி வேணும். அதுக்குக் கீழ போனா பின்னுதைப்புல புருவம் கிழியும்.

அடுத்தது மட்டம். கொஞ்ச தூரத்துல ஒரு தூக்குநூல் கட்டுங்க. துப்பாக்கியை மட்டமா நிறுத்திட்டு, ரெட்டிகிளோட செங்குத்துக் கம்பியை நூலோட ஒட்ட வைங்க. 60 செ.மீ. திருத்தம் தேவைப்படுற தூரத்துல 5 டிகிரி சாய்வு 5 செ.மீ. பக்கவாட்டுல தள்ளிடும்.

இப்ப மூடித் திருகு. குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் மூடிக்கிட்டா ஸ்கோப் சுழன்டு மட்டம் போயிடும். பொதுவா 1.7-லிருந்து 2 நியூட்டன் மீட்டர் (15-18 இஞ்ச் பவுண்ட்). ரிங்கோட வந்த தாள்ல வேற எண் இருந்தா அதுதான் சட்டம். இங்க பசை வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மரை வழுக்கினா அதே அளவுல திருகு அதிகமா இறுகிக் குழாயை நசுக்கும். நசுங்கினதுக்கு அடையாளம் இருக்கு: ரிங்கை இறுக்கினதும் பெருக்க வளையம் திடீர்னு கனமாத் திரும்பும். அப்படியிருந்தா உடனே தளர்த்துங்க. எல்லாம் முடிஞ்சதும் திருகுத் தலைக்கும் ரிங்குக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால ஒரு கோடு. நாளைக்கு ஏதாவது அசைஞ்சா கோடு முறிஞ்சு காட்டிக்கொடுத்துடும்.

இனி நீங்க கேட்ட நம்பகச் சோதனை. துப்பாக்கியை அசையாம பிடிப்பான்ல வெச்சு, 100 மீட்டர்ல 10 செ.மீ. கட்டம் போட்ட பெரிய தாளைப் பாருங்க. 3 மில் மேலே திருப்பினா ரெட்டிகிள் சரியா மூணு கட்டம் நகரணும். வலது, கீழே, இடதுன்னு சதுரமாச் சுத்தித் தொடங்கின புள்ளிக்கே திரும்பணும். மூணு நாலு சுத்து. பிறகு அதே இடத்துல பெருக்கத்தை 2.5-லிருந்து 10 வரைக்கும் ஏத்தி இறக்குங்க. எஸ்.எஃப்.பி.ல ரெட்டிகிள் புள்ளியை விட்டு விலகினா, பெருக்கம் மாத்தும்போதெல்லாம் குண்டு படுற இடமும் மாறும்னு அர்த்தம். திருப்பிக் கொடுத்துடுங்க.

உள்ஸ்பிரிங் பலவீனமா இருந்தா சுடும்போதுதான் தெரியும். ரெண்டு கிளிக் திருப்புவீங்க, முதல் குண்டு நகராது, ரெண்டாவது குண்டு பின்னுதைப்புல குலுங்கினதும் மொத்தமா நகரும். டரட்டைத் தட்டினா சரியாகும்னு ஒரு பழைய பழக்கம் இருக்கு. தட்ட வேண்டிய ஸ்கோப்பை வாங்கவே கூடாது.

நைட்ரஜன் நிரப்பின சீல் சரியா இருக்கான்னு பார்க்க, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு வெதுவெதுப்பான அறைக்கு எடுத்து வாங்க. வெளிலென்ஸ்ல பனி படியும், அதைத் துடைச்சா போயிடணும். துடைச்சும் உள்ளே மூட்டமா இருந்தா சீல் போச்சு.

ஸீரோவுக்கு 25 மீட்டர்ல ஆரம்பிங்க. அங்க ஒரு 0.1 மில் கிளிக் கால் செ.மீ.தான், 5 செ.மீ. விலகினா 20 கிளிக். மில்லிரேடியன் சொன்ன ஸீரோவுக்கு 25-ல குறிக்கு 1 செ.மீ. கீழே வாங்க. அப்புறம் 100-க்குப் போய் மூணு மூணு குண்டா, குழல் ஆறவிட்டுச் சுடுங்க. ஒத்தைக் குண்டைப் பார்த்து டரட்டைத் திருப்பாதீங்க.

குறிமுள்

ரிங் உயரம் "லோ, மீடியம், ஹை" என்று போட்டிருக்கிறார்கள். 42 மிமீக்கு எது?

பதில் 5: திருகாணி

அந்தப் பெயரை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. மிமீ கணக்கு போடுங்க. 42 லென்ஸ் ஸ்கோப்போட முன்பகுதி வெளிவிட்டம் 50 மிமீ இருந்தா பாதி 25. அந்த இடத்துல குழலோட மேல்பரப்பைவிட பேஸோட மேல்தளம் 8 மிமீ உயரம்னா, 25 − 8 = 17. லென்ஸ் மூடி நுழைய, குழல் அதிர 2 மிமீ சேர்த்தா 19. பேஸ் மேல்தளத்துல இருந்து ஸ்கோப் நடு வரைக்கும் இதுக்குக் குறையாம வேணும். தாள்ல எழுதின உயரம் நடு வரைக்குமா, குழாயோட அடி வரைக்குமான்னு கேட்டு வாங்குங்க. 30 மிமீ குழாய்ல அதுவே 15 மிமீ வித்தியாசம். கிடைக்கிறதுல ஆகக் குட்டையானதை எடுங்க, ஆனா போல்ட் கைப்பிடியை முழுசாத் தூக்கினா அது ஸ்கோப்போட பின்பகுதியில இடிக்குதான்னு கடையிலேயே பார்த்துடுங்க.